பெயரில் மட்டும் பல்கலைக்கழகமாகப் பிறந்த பள்ளி

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நார்மல் என்று ஓர் ஊர் இருக்கிறது. அதே மாநிலத்தில் ஆப்லாங் என்றும் ஓர் ஊர் உண்டு. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு நீள்சதுரம் என்று பொருள். 'ஆப்லாங் பெண்ணைக் கைப்பிடித்தார் நார்மல் ஆண்' என்று ஒரு செய்தித்தாள் திருமணச் செய்திக்குத் தலைப்புப் போட்டதாக அந்தப் பக்கத்தில் பழைய வேடிக்கைக் கதை ஒன்று உலவுகிறது. நார்மல் ஊருக்கு அந்தப் பெயர் வந்ததற்கும் அங்கே குடியிருப்பவர்களின் மனநிலைக்கும் தொடர்பில்லை. அங்கே இருந்த ஒரு பள்ளிதான் காரணம்.

லத்தீனில் 'நோர்மா' என்றால் தச்சர் கையில் இருக்கும் மூலைமட்டம். ஒன்று நேராக இருக்கிறதா, கோணலா என்று வைத்துப் பார்க்கும் கருவி. அதிலிருந்து அளவுகோல், முன்மாதிரி என்ற பொருள்கள் கிளைத்தன. பிரெஞ்சுப் புரட்சி அரசு 1794இல் பாரிஸில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர ஒரு பள்ளியைத் தொடங்கியபோது அதற்கு 'எக்கோல் நோர்மால்' என்று பெயர் வைத்தது. மற்ற பள்ளிகளுக்கெல்லாம் மூலைமட்டமாக இருக்கும் பள்ளி என்பது கருத்து. அந்தப் பெயர் உலகம் முழுவதும் பரவியது. சென்னை மாகாணத்தில்கூட 19ஆம் நூற்றாண்டில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளிக்கு 'நார்மல் ஸ்கூல்' என்றுதான் பெயர்.

அமெரிக்காவில் அரசு நடத்திய முதல் நார்மல் பள்ளி மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் லெக்சிங்டன் ஊரில் 1839 ஜூலை 3 அன்று திறந்தது. அன்று வந்து சேர்ந்தவர்கள் மூன்று இளம்பெண்கள், அவ்வளவுதான். தலைமையாசிரியர் சைரஸ் பியர்ஸ்தான் பாடமும் நடத்தினார், குளிர்காலத்தில் அடுப்பும் மூட்டினார், வாசலில் குவிந்த பனியையும் அள்ளிக் கொட்டினார். அந்த மாநிலத்தின் கல்விச் செயலர் ஹொரேஸ் மான் பிரஷ்ய நாட்டின் ஆசிரியப் பயிற்சி முறையை வியந்து பார்த்தவர். பள்ளிக்கூடம் நன்றாக இருக்க வேண்டுமென்றால் முதலில் ஆசிரியரைத் தயார்செய்ய வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தவர். லெக்சிங்டன் பள்ளி இன்று ஃபிரேமிங்ஹாம் மாநிலப் பல்கலைக்கழகம். மூன்று மாணவிகளில் தொடங்கிப் பல்கலைக்கழகத்தில் முடியும் இந்த மாதிரிக் கதை அமெரிக்காவில் நூற்றுக்கும் மேல் உண்டு. அவற்றில் இல்லினாய்க் கதைதான் எனக்குச் சுவையானது. காரணம், மற்ற பள்ளிகள் பயிற்சிப் பள்ளியாகப் பிறந்து, கல்லூரியாகி, கடைசியில் பல்கலைக்கழகம் என்ற பெயரை வாங்கின. இது பிறந்த அன்றே அந்தப் பெயரோடு பிறந்தது. பெயருக்கு உரியதாக ஆவதற்குத்தான் நூறு ஆண்டு பிடித்தது.

பெயர் எப்படி வந்தது என்று பார்க்கப் போனால் நிலத்திலிருந்து தொடங்க வேண்டும். மேற்குப் பகுதி நிலங்களை அளந்து விற்பதற்கு அமெரிக்கா 1785இல் ஒரு சட்டம் போட்டது. ஆறு மைல் நீளம், ஆறு மைல் அகலம் கொண்ட கட்டங்களாக நிலத்தைப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் 36 துண்டுகள் போட்டார்கள். அதில் 16ஆம் துண்டு பள்ளிக்கூடத்துக்கு. காகிதத்தில் அருமையான ஏற்பாடு. ஆனால் நிலமே மலிவாகக் கிடைத்த நாட்டில் அந்த ஒரு துண்டை விற்றால் எவ்வளவு வரும்? 1818இல் மாநிலமான இல்லினாயில் அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு ஊர்ப்புறப் பள்ளிகள் பெற்றோர் கையிலிருந்து தருவதை நம்பியே ஓடின. ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்து வயதிலிருந்து பதினெட்டு வயது வரை எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக. ஆசிரியருக்குச் சம்பளத்தோடு சாப்பாடும் படுக்கையும் உண்டு. வாரம் ஒரு வீடு என்று முறைவைத்துத் தங்குவார்.

1855இல் நிலைமை மாறியது. பொதுப்பள்ளிகளுக்காகச் சொத்து வரி வசூலிக்க மாநிலச் சட்டமன்றம் ஒப்புக்கொண்டது. ஆண்டுக்கு ஆறு மாதமாவது பள்ளி நடத்தினால்தான் மாநில நிதியில் பங்கு என்ற நிபந்தனையும் சேர்ந்தது. உடனே ஊர் ஊராகப் பள்ளிகள் முளைத்தன. கட்டடம் கட்டிவிடலாம், வரியும் வசூலித்துவிடலாம். உள்ளே நின்று பாடம் நடத்த ஆள் வேண்டுமே? வேலை கிடைக்கும்வரை பிழைப்புக்காக வந்தவர்களும், தாங்களே அரைகுறையாகப் படித்தவர்களும்தான் பெரும்பாலும் அகப்பட்டார்கள். ஆசிரியர்களே சங்கம் வைத்து, பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று சட்டமன்றத்தின் கதவைத் தட்டத் தொடங்கினார்கள். அவர்களில் முன்னால் நின்றவர் சார்லஸ் ஹோவி. வெர்மான்ட்டில் பிறந்து டார்ட்மத் கல்லூரியில் படித்துவிட்டு, பியோரியா நகரப் பள்ளிகளை நடத்திக்கொண்டிருந்தவர்.

பணத்துக்கு எங்கே போவது? இங்குதான் கதை திருப்பம் எடுக்கிறது. இல்லினாய் மாநிலமானபோது, அங்கே விற்கப்படும் அரசு நிலத்தின் வருமானத்தில் ஒரு சிறு பங்கைக் கல்விக்கு ஒதுக்க மத்திய அரசு ஒப்புக்கொண்டிருந்தது. அதில் ஆறில் ஒரு பங்கை 'ஒரு கல்லூரி அல்லது பல்கலைக்கழகத்துக்கு' மட்டுமே செலவிட வேண்டும் என்று எழுதிவைத்திருந்தது. அந்தப் பணம் சேர்ந்துகொண்டே வந்தது. கையில் காசில்லாத மாநில அரசு அதைத் தன் செலவுக்குக் கடனாக எடுத்துக்கொண்டு, வட்டியை மட்டும் கணக்கில் வைத்திருந்தது. அந்த வட்டியின் மேல் எல்லோருக்கும் கண். திருச்சபைகள் நடத்திவந்த சிறு கல்லூரிகள் தங்களுக்குள் பங்கு பிரித்துக்கொள்ளப் பார்த்தன. ஜொனாதன் பால்ட்வின் டர்னர் என்ற பேராசிரியர் உழவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் ஒரு தொழிற் பல்கலைக்கழகம் வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசிவந்தார். ஆசிரியர்களோ பயிற்சிப் பள்ளி கேட்டார்கள்.

கடைசியில் டர்னர் தரப்பு விட்டுக்கொடுத்தது. ஆசிரியர்களுக்கு முதல் பந்தி. ஆனால் நிதி 'பல்கலைக்கழகத்துக்கு' என்று எழுதப்பட்டிருக்கிறதே? அப்படியானால் பயிற்சிப் பள்ளிக்குப் பல்கலைக்கழகம் என்று பெயர் வைத்துவிட்டால் தீர்ந்தது. 1857 பிப்ரவரி 18 அன்று 'இல்லினாய் மாநில நார்மல் பல்கலைக்கழகம்' சட்டப்படி பிறந்தது. உள்ளே ஒரு மாணவர்கூட இல்லை, ஒரு செங்கல்கூட இல்லை, பட்டம் தரும் எண்ணமும் இல்லை. பிற்காலத்தில் விரிவுபடும் என்ற நம்பிக்கையும் அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். எனக்கென்னவோ கணக்குப் புத்தகத்தைத் திருப்திப்படுத்த வைத்த பெயராகத்தான் அது படுகிறது. எப்படி வந்திருந்தாலும், வைத்த பெயர் சும்மா இருக்கவில்லை என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பள்ளியை எந்த ஊரில் வைப்பது என்பதைச் சட்டமன்றம் தீர்மானிக்கவில்லை. யார் அதிகம் தருகிறார்களோ அந்த ஊருக்கு என்று ஏலத்துக்கு விட்டது. அந்தக் காலத்து மத்திய மேற்குப் பகுதியில் இது வழக்கமான நடைமுறைதான். தலைநகரம், மனநோய் மருத்துவமனை, சிறைச்சாலை என எது வந்தாலும் ஊர்கள் முட்டி மோதிக்கொண்டு பணம் திரட்டின. வந்தால் நிலத்தின் விலை ஏறும், கடைகளில் வியாபாரம் நடக்கும், ரயில் நிற்கும். ஹோவி பணியாற்றிய பியோரியாதான் வெல்லும் என்று பலர் நினைத்தார்கள். அது ஏறக்குறைய 80,000 டாலர் வரை போனது. ஆனால் புளூமிங்டன் தரப்பு 1,41,000 டாலருக்கும் மேல் வைத்து எல்லோரையும் திகைக்க வைத்தது.

அதற்குப் பின்னால் இருந்தவர் ஜெஸ்ஸி ஃபெல். வழக்கறிஞர், செய்தித்தாள் நடத்தியவர், எல்லாவற்றுக்கும் மேலாக நில வியாபாரி. புளூமிங்டனுக்கு வடக்கே இரண்டு மைல் தள்ளி இரண்டு ரயில் பாதைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் வெற்றுப் புல்வெளியில் அவருக்கு நிலம் இருந்தது. பள்ளி அங்கே வந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடத் தெரியாதவர் அல்ல அவர். அதற்காக அவரை வெறும் ஆதாயக்காரர் என்று ஒதுக்கவும் முடியாது. பள்ளியின் தோட்ட அமைப்புக்குக் கிழக்கிலிருந்து நிபுணரை வரவழைத்தார். வெட்டவெளியாகக் கிடந்த இடத்தில் ஆயிரக்கணக்கில் மரங்களை நட்டார். தன் ஊரில் சாராயக் கடை கூடாது என்று பிடிவாதமாக நின்றார். அந்தத் தடை 1970கள் வரை நீடித்தது. லாபமும் லட்சியமும் ஒரே மனிதரிடம் சண்டை போடாமல் குடியிருந்த காலம் அது.

ஃபெல்லுக்கு ஒரு வழக்கறிஞர் நண்பர் இருந்தார். புளூமிங்டன் தருவதாகச் சொன்ன தொகையில் பாதிக்கு மேல் வெறும் வாக்குறுதி: மக்லீன் மாவட்டம் தன் சதுப்பு நிலங்களை விற்று 70,000 டாலர் தரும் என்பது அதில் ஒன்று. நிலம் விற்காவிட்டால் யார் பொறுப்பு என்பதற்கு உறுதிப் பத்திரம் வேண்டும் என்றது கல்வி வாரியம். அந்தப் பத்திரத்தை எழுதித் தந்தவர் அந்த நண்பர்தான். ஆபிரகாம் லிங்கன். இரண்டே ஆண்டு கழித்து, தன்னைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதித் தருமாறு லிங்கனை நச்சரித்து வாங்கியதும் இதே ஃபெல்தான். குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு முன் நாடறியாத லிங்கனை நாட்டுக்கு அறிமுகப்படுத்தியதில் அந்தக் குறிப்புக்குப் பங்கு உண்டு.

1857 அக்டோபர் 5 அன்று, புளூமிங்டனில் வாடகைக்குப் பிடித்த ஒரு மண்டபத்தில், மிகச் சில மாணவர்களோடு ஹோவி வகுப்பைத் தொடங்கினார். கீழே கடைகள், மேலே வகுப்பு. நேரம் மிக மோசம். ஆறு வாரம் முன்னால்தான் ஒரு பெரிய நிதி நிறுவனம் திவாலாகி, நாடு முழுவதும் வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவடைத்துக்கொண்டிருந்தன. மாவட்டத்தின் சதுப்பு நிலத்தைச் சீந்துவார் இல்லை. நன்கொடை எழுதிக் கொடுத்தவர்களில் பாதிப் பேர் கையை விரித்தார்கள். அடிக்கல் நட்ட இடத்தில் வேலை நின்றது. லிங்கன் எழுதிய பத்திரம் வெறும் அலங்காரம் அல்ல என்பது அப்போது புரிந்தது. பிற்காலத்தில் 'ஓல்டு மெயின்' என்று எல்லோரும் அழைத்த அந்தக் கோபுரக் கட்டடம் 1860களின் தொடக்கத்தில்தான் முழுதாக எழுந்தது.

எழுந்ததும் போர். 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது ஹோவி தன் மாணவர்களையும் உடன் பணியாற்றிய ஆசிரியர்களையும் திரட்டிக்கொண்டு களத்துக்குக் கிளம்பினார். இல்லினாய் 33ஆம் காலாட்படைப் பிரிவுக்கு 'ஆசிரியர் படை' என்றே பெயர் விழுந்தது. இலக்கணப் பிழை உள்ள கட்டளைக்கு இந்தப் படை கீழ்ப்படியாது என்று மற்ற படையினர் கேலி செய்தார்களாம். இந்தப் படையிலிருந்து மூளை போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களை மற்ற படைகள் அதிகாரிகளாகச் சேர்த்துக்கொண்டன என்பது அதற்கு மேல் ஒரு கேலி. விக்ஸ்பர்க் முற்றுகை வரை அந்தப் படை போய்ச் சண்டை போட்டது. போனவர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை. ஹோவி தளபதியாக உயர்ந்தார், ஆனால் பள்ளிக்குத் திரும்பவில்லை.

1862இல் பொறுப்பேற்ற ரிச்சர்ட் எட்வர்ட்ஸ்தான் பள்ளியைப் பள்ளியாக ஆக்கியவர். வேல்ஸில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா வந்தவர். மாசச்சூசெட்ஸின் நார்மல் பள்ளியிலேயே படித்து, இன்னொரு நார்மல் பள்ளியை நடத்திப் பழகியவர். பதினான்கு ஆண்டு இருந்தார்.

யார் வந்து படித்தார்கள் என்பது இந்தக் கதையில் மிக முக்கியமானது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் கட்டணமில்லாத இடங்களைச் சட்டம் ஒதுக்கியிருந்தது. பதிலுக்கு, படித்து முடித்ததும் மாநிலத்தின் பள்ளிகளில் பாடம் நடத்துவேன் என்று மாணவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். உழவர் வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். பெண்கள் வந்தார்கள். மேற்படிப்புக்குப் பெண்களைச் சேர்க்கலாமா கூடாதா என்று பெரிய கல்லூரிகள் வாதாடிக்கொண்டிருந்தபோது, ஆசிரியப் பயிற்சியில் அந்தக் கேள்விக்கே இடமில்லாமல் போயிற்று. பெண்ணுக்குக் குறைந்த சம்பளம் கொடுத்தால் போதும் என்ற பள்ளி நிர்வாகங்களின் கணக்கு அதற்குப் பெரிய காரணம். மனது விசாலமானதால் நடந்ததில்லை. ஆனாலும் கதவு திறந்தது திறந்ததுதான். 1900 வாக்கில் அமெரிக்கப் பொதுப்பள்ளி ஆசிரியர்களில் பத்தில் ஏழு பேர் பெண்கள்.

உள்ளே என்ன நடந்தது? பாதி நேரம் எழுத்து, கணக்கு, இலக்கணம், பூகோளம். வந்தவர்களில் பலருக்கு அதுவே முழுதாகத் தெரியாது. மீதி நேரம் கற்பிக்கும் கலை. வளாகத்திலேயே ஒரு மாதிரிப் பள்ளி நடந்தது. உண்மையான பிள்ளைகள், உண்மையான வகுப்பு. பயிற்சி மாணவர் அங்கே நின்று பாடம் நடத்துவார். பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் ஆசிரியர் மாலையில் பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். ஆசிரியப் பயிற்சி எடுத்த யாருக்கும் அந்த மாலை நேரத்து வயிற்றுக் கலக்கம் தெரிந்திருக்கும். நூற்றைம்பது ஆண்டுகளில் அந்தக் காட்சி மட்டும் மாறவே இல்லை.

பெரும்பாலானவர்கள் படிப்பை முடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பருவம் படிப்பார்கள். காசு தீர்ந்ததும் ஏதாவது ஊர்ப் பள்ளியில் வேலைக்குப் போவார்கள். சேர்த்த சம்பளத்தோடு மறுபடி வந்து இன்னொரு பருவம். பட்டயம் வாங்கியவர்களின் எண்ணிக்கையை வைத்து இந்தப் பள்ளியை அளந்தால் அதன் பயன் பாதிகூடக் கண்ணில் படாது.

பயிற்சிப் பள்ளி என்றால் பாடக்குறிப்பு எழுதும் இடம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். மாநில இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் அருங்காட்சியகம் ஓல்டு மெயின் கட்டடத்தில்தான் இருந்தது. அதன் காப்பாளர், போரில் வலக்கையை இழந்த ஜான் வெஸ்லி பவல். அருங்காட்சியகத்துக்கு மாதிரிகள் சேகரிக்கப் போகிறேன் என்று 1867இல் மாணவர்களையும் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு ராக்கி மலைப் பக்கம் போனார். 1869இல் நான்கு படகுகளில் பத்துப் பேர் கிரீன் ஆறு வழியாகக் கொலராடோ ஆற்றுக்குள் இறங்கி, அதுவரை வரைபடத்தில் வெற்றிடமாகக் கிடந்த கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு வழியாகக் கீழே வந்தார்கள். கடைசிவரை வந்தவர்கள் ஆறு பேர். நாடு முழுவதும் பேசிய அந்தப் பயணத்துக்கு ஒரு முனை ஆசிரியப் பயிற்சிப் பள்ளியின் மாடியில் இருந்தது. பவலுக்குப் பின் வந்த ஸ்டீபன் ஃபோர்ப்ஸ் அந்த அருங்காட்சியகத்தை மாநில ஆய்வுக்கூடமாக வளர்த்தார். 1880களின் நடுவில் அது அதே மாநிலத்தின் அர்பானா ஊருக்குக் கொண்டுபோகப்பட்டது.

ஏன் அர்பானாவுக்கு? டர்னர் கேட்ட தொழிற் பல்கலைக்கழகம் கடைசியில் 1867இல் அங்கேதான் அமைந்தது. கல்லூரிகளுக்கு நிலம் வழங்கும் 1862ஆம் ஆண்டுச் சட்டத்தின் பலன் அது. மக்லீன் மாவட்டம் அதற்கும் மிகப் பெரிய தொகை வைத்துப் பார்த்தது. தொகையில் முந்தியும் சட்டமன்ற அரசியலில் தோற்றது. ஏற்கெனவே 'பல்கலைக்கழகம்' என்ற பெயரோடு இருந்த நார்மலின் கையை விட்டு, உண்மையான பல்கலைக்கழகம் ஐம்பது மைல் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து வேலைப் பங்கீடு தெளிவானது: ஆராய்ச்சி அங்கே, ஆசிரியர் இங்கே. ஆய்வுக்கூடம் இடம் மாறியது அந்தப் பங்கீட்டின்படிதான்.

மாநிலம் பெரியது, ஒரு பள்ளி போதவில்லை. தெற்கே கார்பண்டேலுக்கு 1869இல் இன்னொரு நார்மல் பள்ளிக்கு ஒப்புதல் கிடைத்தது. 1895இல் கிழக்கே சார்லஸ்டன், வடக்கே டிகால்ப். 1899இல் மேற்கே மகோம். மறுபடி ஏலம், மறுபடி ஊர்ப் போட்டி. டிகால்ப் வென்றதற்குக் காரணம் முள்வேலிக் கம்பி. அந்தக் கம்பியைச் செய்து விற்றுக் கோடீஸ்வரர்களான மூவர் அந்த ஊர்க்காரர்கள். அவர்களில் ஒருவரான ஜோசப் கிளிடன் நிலத்தைக் கொடுத்தார். ஆளுநராக இருந்த ஆல்ட்கெல்டுக்குக் கோட்டை கொத்தளம் வைத்த கட்டடங்கள் மேல் ஒரு மோகம். மக்காச்சோள வயல்களுக்கு நடுவில் இடைக்கால ஐரோப்பியக் கோட்டைகள் இன்றும் அந்த வளாகங்களில் நிற்கின்றன. நார்மலுக்குக் கிடைத்த கோட்டை, உடற்பயிற்சிக் கூடம்.

1890களில் இந்தச் சிற்றூர் அமெரிக்கக் கல்விச் சிந்தனையின் நடுக்கூடமாகச் சில காலம் இருந்தது. இங்கே படித்த சார்லஸ் டி கார்மோ, மெக்மரி சகோதரர்கள் சார்லஸ், ஃபிராங்க் ஆகியோர் ஜெர்மனிக்குப் போய் மேற்படிப்பு முடித்து, ஜெர்மானியத் தத்துவ அறிஞர் ஹெர்பார்ட்டின் கல்விக் கொள்கையைச் சுமந்துகொண்டு திரும்பினார்கள். பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்ததைத் தொட்டு, அதன் மேல் புதியதை ஏற்ற வேண்டும் என்பது அதன் சாரம். ஹெர்பார்ட்டின் சீடர்கள் அதை ஐந்து படிகளாக வகுத்தார்கள்: ஆயத்தம், எடுத்துக்கூறல், ஒப்பிடல், பொதுமையாக்கல், பயன்படுத்தல். பி.எட். படித்த தமிழாசிரியர் ஒருவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்தப் பட்டியலைச் சொல்வார். 1895இல் தேசிய ஹெர்பார்ட் சங்கத்தை இவர்கள் நடத்தியபோது அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயியும் அதில் இருந்தார். பத்தாண்டில் அந்த அலை ஓய்ந்தது. டூயியின் காலம் வந்தது. ஆனால் பாடக்குறிப்பு ஏட்டின் கட்டங்களிலிருந்து ஹெர்பார்ட்டை யாராலும் வெளியேற்ற முடியவில்லை.

பெயர் தன் வேலையைக் காட்டத் தொடங்கியது 20ஆம் நூற்றாண்டில். 1900 முதல் 1930 வரை தலைவராக இருந்த டேவிட் ஃபெல்ம்லி கணக்கு வாத்தியார். ஆங்கிலச் சொற்களில் ஒலிக்காத எழுத்துகளை ஒழிக்க வேண்டும் என்ற எழுத்துச் சீர்திருத்த இயக்கத்தில் தீவிரமானவர். பல வாசகர்களுக்கு அவரை அதற்காகவே பிடித்துப் போகலாம். அவர் நடத்திய பெரிய சண்டை வேறு. உயர்நிலைப் பள்ளிகள் வேகமாகப் பெருகிக்கொண்டிருந்த காலம். அவற்றின் ஆசிரியர்களைப் பல்கலைக்கழகங்கள் பார்த்துக்கொள்ளும், நார்மல் பள்ளிகள் கீழ்வகுப்பு ஆசிரியர்களோடு நின்றுகொண்டால் போதும் என்பது அர்பானாவின் நிலை. அரிச்சுவடி நடத்துபவருக்கு ஒரு தரம், அல்ஜீப்ரா நடத்துபவருக்கு ஒரு தரம் என்ற இந்தப் பிரிவினையை ஃபெல்ம்லி ஏற்கவில்லை. ஆசிரியர் எல்லோரும் ஒரே தொழில். எல்லோரையும் நாங்களே தயார்செய்வோம் என்றார். அதற்குப் பட்டம் வழங்கும் உரிமை வேண்டும். 1907இல் சட்டமன்றம் அதைத் தந்தது. பிறந்து ஐம்பது ஆண்டு கழித்து இந்தப் 'பல்கலைக்கழகம்' பட்டம் தரத் தொடங்கியது.

சார்லஸ்டன், டிகால்ப், மகோம் நார்மல் பள்ளிகள் 1921இல் ஆசிரியர் கல்லூரிகளாகப் பெயர் மாறின. இல்லினாயின் மூத்த பள்ளி பழைய பெயரிலேயே இருந்தது. மேலே போக அதற்கு ஒரு படி மிச்சமில்லையே! 1940களில் முதுகலைப் படிப்பு வந்தது.

ஆசிரியர் கல்லூரிகள் பல்கலைக்கழகங்களாக ஆனதைத் தலைவர்களின் பேராசை, அந்தஸ்து வெறி என்று விளக்குவது வழக்கம். அதில் கொஞ்சம் உண்மை உண்டுதான். ஆனால் மாணவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு காட்சி தெரிகிறது. ஊருக்குப் பக்கத்தில், குறைந்த செலவில் கிடைத்த ஒரே மேற்படிப்பு இதுதான். ஆசிரியராகும் எண்ணம் அரைமனதாக இருந்தவர்களும், அறவே இல்லாதவர்களும் வந்து சேர்ந்தார்கள். இரண்டாண்டு பாடம் நடத்திவிட்டு வழக்கறிஞராகவோ விவசாயியாகவோ மனைவியாகவோ போனார்கள். பயிற்சிப் பள்ளியை ஏழைகளின் கல்லூரியாக ஆக்கியது அவர்கள்தான். சட்டமும் பெயர்ப் பலகையும் பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்தன. 1944இல் போர்வீரர்களின் படிப்புச் செலவை அரசே ஏற்கும் சட்டம் வந்ததும் ஆண்கள் கூட்டம் கூட்டமாக உள்ளே வந்தார்கள். அவர்கள் கணக்கியலும் வேதியியலும் கேட்டார்கள். அதன் பின்னால், போருக்குப் பிந்தைய குழந்தைகளின் பெருந்தலைமுறை.

டெக்சஸில் ஓர் எடுத்துக்காட்டு. சான் மார்க்கஸ் ஊரில் 1903இல் திறந்த நார்மல் பள்ளி, பிறகு ஆசிரியர் கல்லூரியானது. கையில் காசில்லாத ஓர் இளைஞர் அங்கே படித்தார். நடுவில் பணம் போதாமல் படிப்பை நிறுத்திவிட்டு, கொட்டுல்லா என்ற ஊரில் மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகளுக்கு ஓராண்டு பாடம் நடத்தினார். திரும்பி வந்து 1930இல் பட்டம் பெற்றார். லிண்டன் ஜான்சன் என்ற அந்த இளைஞர் பிறகு குடியரசுத் தலைவரானார். ஏழை மாணவர்களுக்குக் கூட்டரசின் உதவித்தொகையும் கடனும் தரும் உயர்கல்விச் சட்டத்தில் 1965 நவம்பர் 8 அன்று அவர் கையெழுத்திட்டது வெள்ளை மாளிகையில் அல்ல. சான் மார்க்கஸுக்கே வந்து, தான் படித்த கல்லூரியில் வைத்துக் கையெழுத்திட்டார். அது இன்று டெக்சஸ் மாநிலப் பல்கலைக்கழகம். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகமும் 1885இல் டெம்பியில் உருவான நார்மல் பள்ளிதான். லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த நார்மல் பள்ளியின் வளாகத்தில்தான் 1919இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தென்கிளை தொடங்கியது. இன்று உலகம் அதை யூசிஎல்ஏ என்று அறியும். அதன் வரலாற்றில் 'ஆசிரியப் பயிற்சிப் பள்ளி' என்ற வரி எத்தனை பேருக்குத் தெரியும்?

நார்மலில் ஓல்டு மெயின் கட்டடம் பழசாகிப் பலமிழந்தது. முதலில் கோபுரமும் மேல்மாடியும் இறக்கப்பட்டன. 1958இல் மிச்சமும் இடிக்கப்பட்டது. 1964இல் பெயர் மாறியது. 'இல்லினாய் மாநிலப் பல்கலைக்கழகம், நார்மல்' என்று ஊர்ப் பெயராக மட்டும் அந்தச் சொல்லை வாலில் ஒட்டிவைத்துப் பார்த்தார்கள்; நான்கு ஆண்டில் அதையும் வெட்டினார்கள். ஆசிரியப் பணியோடு தொடர்பில்லாத பட்டப் படிப்புகள் அதே ஆண்டுகளில் வந்தன. ஓல்டு மெயின் காலத்து மரங்களுக்கு மேலே 28 மாடி மாணவர் விடுதி எழுந்தது. இன்று அங்கே ஏறத்தாழ 20,000 பேர் படிக்கிறார்கள்.

இதில் இழப்பு இல்லாமல் இல்லை. முழு நிறுவனமும் ஒரே வேலைக்காக இருந்த காலத்தில் வேதியியல் பேராசிரியர்கூட 'இதைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வாய்?' என்று கேட்கக் கடமைப்பட்டவர். பல்கலைக்கழகமான பிறகு அந்தக் கேள்வி கல்வியியல் துறையின் கட்டடத்துக்குள் ஒதுங்கியது. வேதியியல்காரருக்குப் பதவி உயர்வு கிடைப்பது ஆய்வுக் கட்டுரையால்தான். வகுப்பறைக்கு ஆசிரியரை அனுப்பியதற்காக யாரும் அவர் முதுகைத் தட்டுவதில்லை. இல்லினாய் இந்த விஷயத்தில் பலரைவிட மேல்: இன்றும் அமெரிக்காவில் அதிகமான ஆசிரியர்களைத் தயார்செய்து அனுப்பும் இடங்களில் ஒன்று அது. பழைய ஆங்கிலக் கவிஞர் சாசரின் கவிதையில் வரும் அறிஞரைப் பற்றிய ஒரு வரியிலிருந்து எடுத்த 'மகிழ்ந்து கற்போம், மகிழ்ந்து கற்பிப்போம்' என்பதுதான் இப்போதும் முத்திரை வாக்கியம்.

பல்கலைக்கழகம் கைவிட்ட சொல்லை ஊர் கைவிடவில்லை. சிகாகோவிலிருந்து தெற்கே போகும் ரயிலில் இரண்டே கால் மணி நேரம் போனால், நிலையத்தின் பெயரில் இன்னும் 'நார்மல்' என்ற சொல் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு அஞ்சல் அனுப்புகிறவர்களும் முகவரியில் அந்தச் சொல்லைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.